இறங்காத எண்

லான்ஸ் ஹாஸ்கிங் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபது வருடத்துக்கும் மேலாக ஓட்டினார். கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நின்று நின்று போகும் பேருந்து அது. நானும் அதில்தான் போனேன். சாவியைத் திருகியவுடன் அவர் வண்டியை எடுக்க மாட்டார். வோல்ட் காட்டும் முள்ளை விரலால் ஒரு தட்டு தட்டுவார். அது ஆடி ஓரிடத்தில் நிற்கும் வரை பார்த்திருப்பார். பிறகு திரும்பி, "என்ன, எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்பார். கடைசி இருக்கைப் பையன்கள் "இல்ல!" என்று கத்துவார்கள். அப்புறம்தான் வண்டி நகரும்.

போன ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், பாலைவனத்தில் அவருக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அவர் மனைவி கோரலும், அவர்களோடு போன நெவிலும் என்னிடம் சொன்னதை, நானே கண்ணால் பார்த்த ஒரு மாலையையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றதும் லான்ஸ் ஒரு பழைய டீசல் வண்டி வாங்கினார். பின்பக்கம் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டார். ஒவ்வொரு குளிர்காலமும் அவரும் கோரலும் வடக்கே சிம்ப்சன் பாலைவனத்துக்குப் போவார்கள். இன்னொரு வண்டியில் நெவில் வருவார். நெவில் ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் கத்தரித்தவர், மனைவியை இழந்தவர். அவருடைய நாய்க்குப் பெயர் பிஸ்கட்.

அந்த மாதிரி வண்டிகளில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும். அதை வேறு எதற்கும் தொட மாட்டார்கள். வண்டி நின்ற பிறகு ஃபிரிட்ஜ், விளக்கு, ரேடியோ எல்லாம் இரண்டாவது பேட்டரியில் ஓடும். லான்ஸ் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டரைப் பதித்திருந்தார். அதில் இரண்டாவது பேட்டரியின் எண் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். கண் விழித்ததும் முதலில் அந்த எண். பிறகுதான் தேநீர்.

"உன் ரெண்டாவது பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்று போர்வைக்குள்ளிருந்து கோரல் கேட்பார்.

"பன்னண்டு புள்ளி நாலு. உன்னைவிட நல்லா தூங்கியிருக்கா."

இது பல வருடமாக நடந்துவந்த விளையாட்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் அது விளையாட்டாக இல்லாமல் போனது. கோரலுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்க ஆரம்பித்தது. நிற்கும், பிறகு ஒரு திணறலோடு திரும்ப வரும். அதற்குள் இதயமும் களைத்துப் போயிருந்தது. அடிலெய்டு மருத்துவர் முகமூடியும் குழாயும் வைத்த ஓர் இயந்திரத்தைக் கொடுத்தார். தூங்கும்போது அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். "இது இல்லாம ஒரு ராத்திரிகூடத் தூங்காதீங்க. அடுத்த தடவை மூச்சு திரும்பி வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார்.

கோரல் பயணத்தை நிறுத்த மாட்டேன் என்றார். "வீட்டுச் சுவத்துல இருக்கற கரண்ட்டும் உன் பேட்டரில இருக்கற கரண்ட்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். லான்ஸ் ஆமாம் என்றார். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு எண் கோரலின் மூச்சு ஆனது.

லான்ஸுக்கு இடது காது கேட்காது. நன்றாகக் கேட்கும் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் பக்கத்தில் இயந்திரம் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்காது. காதை நம்ப முடியாதவர் கண்ணை நம்பினார். பழைய பேட்டரியின் எண்கள் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டு புள்ளி ஏழு என்றால் முழுதாக நிறைந்திருக்கிறது. புள்ளி இரண்டு என்றால் பாதி. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் ஆபத்து. இரவில் இறங்கும், பகலில் ஏறும். அவர் ஒருநாளும் பாதிக்குக் கீழே விட்டதில்லை.

அவருக்கும் நெவிலுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நெவிலின் குறட்டைக்காக இரண்டு வண்டிகளையும் தள்ளித்தான் நிறுத்துவார்கள். காலையில் வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் ஆளுக்கு ஆள் எண்ணைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் குறைவோ அவர் அன்று காலைப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும்.

லான்ஸின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் ஜனெலும் மருமகன் ட்ரென்ட்டும் ஒரு புதுப் பேட்டரி கொடுத்தார்கள். லித்தியம் பேட்டரி. பழைய ஈயப் பேட்டரியின் எடையில் பாதிகூட இல்லை. ட்ரென்ட் பண்ணை இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். அவரே அதை வண்டியில் பொருத்தினார்.

"இது உங்களுக்கு அப்புறமும் இருக்கும், லான்ஸ்" என்று சிரித்தார்.

"நல்ல பிறந்தநாள் வாழ்த்துடா இது" என்றார் லான்ஸ்.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. உங்க வண்டி பழசு. ஓடுறப்போ இதை நிறைக்கிற அளவுக்கு அதுலருந்து கரண்ட் வராது. நடுவுல ஒரு சார்ஜர் பெட்டி வைக்கணும். சொல்லிவச்சிருக்கேன், வரும். அதுவரைக்கும் தூரமாப் போகாதீங்க. அப்புறம், இதுல வோல்ட்டைப் பாத்து எவ்வளவு மிச்சமிருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. உங்க ஃபோன்ல ஒரு செயலி போட்டுத் தர்றேன். சதவீதம் காட்டும், அதைப் பாருங்க."

"வோல்ட்டைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா? அப்ப இத்தனை வருஷமா நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

"அது வேற பேட்டரி, லான்ஸ்."

"பேட்டரி பேட்டரிதான்."

அந்தச் செயலியை லான்ஸ் ஒரே ஒரு முறை திறந்தார். அது கடவுச்சொல் கேட்டது. மூடிவிட்டார்.

ஜூலை பிறந்தும் சார்ஜர் பெட்டி வரவில்லை. மாதக் கடைசியில் மழை என்று வானொலியில் சொன்னார்கள். மழை பெய்தால் பாலைவனப் பாதையை மூடிவிடுவார்கள், பிறகு அந்த வருடம் இல்லை. நெவில் தயாராக இருந்தார். லான்ஸ் கிளம்பிவிட்டார். போகிற வழியில்தான் ஜனெலுக்குத் தொலைபேசியில் சொன்னார். ட்ரென்ட் ஃபோனை வாங்கி, "சதவீதத்தையாவது பாருங்க" என்றார். "பாக்கறேன், பாக்கறேன்" என்று லான்ஸ் வைத்துவிட்டார்.

பாலைவனத்தில் முதல் காலை ரேடியோவில் இப்படிப் பேசிக்கொண்டார்கள்:

"நெவில், எந்திரிச்சியா? நம்பரைச் சொல்லு."

"பன்னண்டு புள்ளி நாலு. உனக்கு?"

"பதிமூணு புள்ளி மூணு."



"டேய், பொய் சொல்லாத. இந்த மணல்ல எங்கடா கம்பத்தைப் பாத்த, வயர் இழுக்க?"

"வந்து நீயே பாரு. வர்றப்போ தட்டெல்லாம் எடுத்துட்டு வா. முட்டை ஒட்டிப் போயிருக்கு, நல்லா தேய்க்கணும்."

மறுநாளும் பதின்மூன்றுக்கு மேல்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சிவப்பு மணல் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறும்போது எதிரே யாரும் வந்துவிடாமல் இருக்க ரேடியோவில் குரல் கொடுப்பார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. மழைப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் அந்த வாரம் உள்ளே வராமல் இருந்துவிட்டார்கள். இரவில் கடுங்குளிர். காலையில் வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். லான்ஸ் எழுந்ததும் சோலார் தகட்டை வண்டி முன்னால் விரித்து வைப்பார். அந்த வகைப் பேட்டரி உறையும் குளிரில் மின்சாரத்தை உள்ளே வாங்காது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் என்று ட்ரென்ட் பிற்பாடு எனக்கு விளக்கினார். வெயில் ஏறிப் பேட்டரி சூடாவதற்குள் இவர்கள் தகட்டை மடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ஓடும்போது பழைய வண்டி கொஞ்சமே கொடுத்தது. இரவில் ஃபிரிட்ஜும் கோரலின் இயந்திரமும் அதைவிட அதிகமாக எடுத்தன. நாளுக்கு நாள் உள்ளே வற்றிக்கொண்டிருந்தது. வெளியே எண் அப்படியே நின்றது.

லித்தியம் பேட்டரி அப்படித்தான். நிறைந்திருந்தாலும் பதின்மூன்று காட்டும், முக்கால்வாசி தீர்ந்தாலும் பதின்மூன்று காட்டும். கடைசியில் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு கிணற்றில் கல் விழுவது போல விழும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று எல்லாவற்றையும் துண்டித்துவிடும்.

முதலில் சந்தேகப்பட்டது கோரல்தான். தினமும் தோற்ற நெவில் தகரத் தொட்டியில் பாத்திரம் கழுவுவார். கோரல் பக்கத்தில் நின்று துடைத்து வைப்பார். லான்ஸ் மடக்கு நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "அடிப்பக்கமும் தேய், நெவில்" என்று அங்கிருந்தே சொல்வார்.

அப்படி ஒரு காலையில் கோரல் மெதுவாகக் கேட்டார்.

"நெவில், நேத்து படுக்கறப்போ உன் நம்பர் என்ன?"

"பன்னண்டு ஏழு."

"விடியறப்போ?"

"மூணு. அதான் என் கை சோப்புத் தண்ணில கெடக்கே."

"பகல்ல?"

"மறுபடி ஏறிடும். என்ன, அவன் பைத்தியம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

கோரல் கையிலிருந்த குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"உன்னோடது ஏறுது, இறங்குது. லான்ஸோடது அசையவே மாட்டேங்குது. இயந்திரம் வர்றதுக்கு முன்னாடி, எனக்கு மூச்சு நிக்கறப்போ நான் எப்படி இருப்பேன்னு லான்ஸ் ஒரு நாள் சொன்னான். ரொம்ப அமைதியா இருப்பேனாம். குறட்டை கிடையாது, புரளல் கிடையாது. அப்பாடா, இப்பத்தான் நல்லா தூங்குறாள்னு நெனச்சுக்குவானாம்."

நெவில் தேய்ப்பதை நிறுத்தினார். "இதை அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'குறையலன்னாக்கூட உனக்குக் குத்தமா?'ங்கறான்."

பிஸ்கட் வந்து தொட்டியில் மூக்கை விட்டது. நெவில் அதைத் தள்ளிவிட்டார்.

அன்று முழுக்க வானம் சாம்பல் நிறமாக மூடிக்கொண்டது. சோலார் தகட்டை விரித்தும் பயனில்லை. மதியம் ஒரு மேட்டில் நெவிலின் வண்டி புதைந்து, மண்வெட்டியால் தோண்டி எடுப்பதிலேயே பாதி நாள் போனது. அதிக தூரம் ஓட்டவில்லை. மாலையில் ஓர் உப்பு ஏரியின் கரையில் நிறுத்தினார்கள். வெள்ளையாக, எதுவும் முளைக்காத தரை. காற்றுகூட இல்லை. பிஸ்கட் வழக்கம்போல் ஓடிச் சுற்றி வராமல் வண்டிக்கடியிலேயே படுத்துக்கொண்டதாக நெவில் சொன்னார்.

லான்ஸ் பின்கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தார்.

"கோரல், இங்க வா. உன் ஆசை நிறைவேறிடுச்சு. குறைஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"பன்னண்டு புள்ளி ஒம்போது."

கோரல் மீட்டரை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மூஞ்சி அது? நெவிலோடது முழுசா நெறஞ்சாலே ஏழுதான். இது அதுக்கும் மேல இருக்கு."

"இன்னைக்கு ராத்திரி எஞ்சினை ஓட விடலாமா, லான்ஸ்?"

"எதுக்கு? இன்னும் பாதி வழி கெடக்கு, டீசலைக் கொட்டவா? இந்த நம்பரோட நான் எஞ்சினை ஓட விட்டா, நெவில் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

நெவிலிடம் ஒரு செயற்கைக்கோள் ஃபோன் இருந்தது. அதன் பேட்டரி வீணாகக் கூடாது என்று தினமும் மாலையில் ஒரு முறைதான் போடுவார்கள். ஜனெலுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு உடனே அணைத்துவிடுவார்கள். அன்று லான்ஸ் அனுப்பிய செய்தி: 'மூன்று பேரும் நலம். நாயும் நலம். பேட்டரி 12.9. ட்ரென்ட்டுக்கு நன்றி சொல்.'

அந்தச் செய்தி வந்தபோது நான் அங்கே இருந்தேன். வியாழக்கிழமை கால்பந்துப் பயிற்சி முடிந்து கிளப்பில் எல்லாரும் சாப்பிடும் நேரம். நான் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜனெல் செய்தியை உரக்கப் படித்தார். அந்த மேசையில் எல்லாரும் கைதட்டினார்கள். "உங்க அப்பா பேட்டரியைத்தான் கட்டிக்கிட்டு இருக்கணும்" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு கிளம்பியது. ட்ரென்ட் வாயில் இருந்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"மறுபடி படி" என்றார்.

"பன்னண்டு புள்ளி ஒம்போது. ஏன்?"

"ஜனெல், அது மேல இருக்கற நம்பர் இல்ல. அந்தப் பேட்டரிக்கு அது அடிவண்டல்."

ஜனெலுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், "அம்மா" என்று மட்டும் சொன்னார்.

ட்ரென்ட் வெளியே போய் ஃபோன் செய்தார். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் செய்தார். செய்தி அனுப்பினார். பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கடைக்குப் பேசினார். இரவில் யாரும் மணலுக்குள் போக மாட்டார்கள், போனாலும் அவர்கள் இருக்கும் இடத்தை எட்ட இரண்டு நாளாவது ஆகும் என்றார்கள். அவர் உள்ளே திரும்பி வந்து அதைச் சொன்னார். ஜனெல் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'நன்றி சொல்' என்று அது முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்து அங்கே யாரும் சூப்பை முடிக்கவில்லை. அந்த மூன்று பேரும் இந்நேரம் படுத்திருப்பார்கள் என்பதுதான் எல்லார் மனதிலும் இருந்தது.

லான்ஸ் விடியலுக்குச் சற்று முன் கண் விழித்தார். வழக்கம்போல் கால்மாட்டைப் பார்த்தார். சிவப்பு எண் இல்லை. முதலில், தான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்று நினைத்தாராம். பிறகு தலைமாட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினார். எரியவில்லை. மறுபடி அழுத்தினார். ஃபிரிட்ஜ் ஓடவில்லை. எல்லாம் செத்திருந்தது. அது எப்போது நின்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் கோரல் பக்கம் திரும்பவில்லை. உடனே திரும்ப முடியவில்லை என்று என்னிடம் அவரே சொன்னார். அவர் இதைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். கையை மட்டும் மெல்ல நீட்டினார்.

போர்வை சில்லென்று இருந்தது. அடியில் யாரும் இல்லை.

முகமூடியும் இல்லை, இயந்திரமும் இல்லை. கதவோரம் கோரலின் காலணிகளும் இல்லை. லான்ஸ் வெறுங்காலோடு இறங்கினார். உறைபனி பூத்த மணலில் காலடித் தடங்கள் தெரிந்தன. ஏரிப் பக்கம் போகவில்லை. நெவிலின் வண்டிப் பக்கம் போயிருந்தன. அவர் தடங்களைத் தொடர்ந்து நடந்தார்.

நெவிலின் வண்டிக்கு வெளியே, தரையில் ஒரு கித்தான் படுக்கை கிடந்தது. அதன் மேலும் பனி. பிஸ்கட் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது. படுக்கைக்குள் நெவில் முடங்கிக் கிடந்தார். அப்படியானால் வண்டிக்குள் இருப்பது யார்? லான்ஸ் வண்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, பதற்றத்தில் இடது காதை வைத்திருக்கிறார். தலையைத் திருப்பி வலது காதை அந்தப் பனித் தகரத்தில் அழுத்தினார்.

கேட்டது. காற்று போகும் சத்தம். ஒரே சீராக, உள்ளே, வெளியே.

அவர் கதவைத் தட்டவில்லை. சூரியன் வரும்வரை வெறுங்காலோடு அங்கேயே நின்றார். நெவில் விழித்து அவரைப் பார்த்ததும், "ஏண்டா, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?" என்று கேட்கப் போனவர், லான்ஸின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

முந்தின நாள் மாலை, லான்ஸ் தன் வண்டியோரம் நிழல் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோதே கோரலும் நெவிலும் பேசி வைத்திருந்தார்கள். லான்ஸ் தூங்கியதும் கோரல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு நெவிலின் வண்டிக்குப் போய்விட்டார். நெவில் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு வெளியே படுத்தார். தன் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டார். அதில் இருந்த இறைச்சி வீணாகிவிடும் என்று கோரல் சொன்னதற்கு, "பிஸ்கட்டுக்குப் பிறந்தநாள்னு வச்சுக்குவோம்" என்றாராம்.

கோரல் கதவைத் திறந்து இறங்கினார். முகத்தில் முகமூடியின் அச்சு இருந்தது. லான்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நின்னுடுச்சா?" என்று கோரல் கேட்டார்.

லான்ஸ் தலையாட்டினார். பிறகு, "என்னை எழுப்பியிருக்கலாம்ல? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா நீ நம்பரைக் காட்டியிருப்ப."



நெவில் தன் வண்டிக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தார். பழக்கத்தில், பக்கத்திலேயே நிற்கும் லான்ஸிடம் ரேடியோவில் சொல்வது போலச் சொன்னார்: "பதினொண்ணு புள்ளி எட்டு. இவ்வளவு கீழ நான் போனதே இல்ல. சரி, நான்தான் கழுவணும்."

"இல்ல" என்றார் லான்ஸ். "எனக்கு நம்பரே இல்ல." தகரத் தொட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார். சோப்பு போடாமலே வெகுநேரம் ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்று நெவில் சொன்னார்.

நெவில் அன்று காலையிலேயே ஃபோனைப் போட்டார். ட்ரென்ட்டின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசிச் செய்தி, 'யாராவது பதில் போடுங்க' என்பது மட்டும்தான். கோரலே பதில் அனுப்பினார்: 'உயிரோட இருக்கேன்.'

வெளியே வர இன்னும் சில இரவுகள் இருந்தன. நெவிலின் பேட்டரி இன்னொரு முழு இரவைத் தாங்காது. லான்ஸ் ஒவ்வொரு இரவும் தன் வண்டியின் எஞ்சினை ஓட விட்டு, அதிலேயே கோரலின் இயந்திரத்தை மாட்டினார். டீசல் முள் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி, வலது காதைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். சொன்னபடியே மழை வந்தது. கடைசி மேட்டைத் தாண்டும்போது பின்னால் பாதை சேறாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் உள்ளேயே மாட்டியிருப்பார்கள், எஞ்சினை ஓட்ட டீசல் இல்லாமல். பாலைவனத்தின் மறுகரையில் ட்ரென்ட் காத்திருந்தார். சார்ஜர் பெட்டி அவர் மடியில் இருந்தது.

இப்போது அந்தப் பெட்டியும் வண்டியில் இருக்கிறது. அதே பேட்டரி நன்றாக வேலை செய்கிறது. சிவப்பு எண் இருந்த இடத்தில் ட்ரென்ட் சதவீதம் காட்டும் திரையைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அடுத்த குளிர்காலமும் போகலாம் என்கிறார் கோரல். லான்ஸ் போகலாம் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

போன வாரம் கோரலுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். லான்ஸ் பகலில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். "ராத்திரியில தூங்கறதே இல்ல" என்றார் கோரல். "வீட்டுலதானே இருக்கோம், சுவத்துலருந்து கரண்ட் வருதுன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறான்."

வலது காதை அழுத்திப் படுத்தால்தான் தூக்கம் வரும் மனிதர் அவர். இப்போது கேட்காத காதைத் தலையணையில் வைத்து, கேட்கும் காதை இருட்டுக்குக் கொடுத்துப் படுக்கிறாராம். இயந்திரத்தின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஒவ்வொரு முறையும் அதில் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.